மொட்டை நேரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் 2038ஆம் ஆண்டுச் சிக்கல் பற்றி ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். அந்த வருடம் ஜனவரி 19 அன்று கணினிகள் எல்லாம் 1970க்குத் திரும்பிவிடும், வங்கி நிற்கும், விமானம் நிற்கும் என்று எழுதியிருந்தது. என் மாமியார் அதை இரண்டு முறை படித்துவிட்டு, "உன் ஆபீஸ் இருக்குமா அப்ப?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தொடங்கியதுதான், எந்த ஊர் நேரம் என்று எழுதாத நேரம் செய்யும் வம்பைப் பற்றிய இந்தக் கடிதமாக வளர்ந்துவிட்டது. நீளம் என்றால் வெட்டிக்கொள்ளுங்கள். ஆனால் என் அண்ணன் டெண்டர் கதையை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

பதினெட்டு வருடமாக நான் ஒரு கிரிப்டோகிராஃபி (ரகசியக் குறியீட்டுக் கலை) லைப்ரரியைப் பராமரிக்கும் குழுவில் இருக்கிறேன். லைப்ரரி என்றால் புத்தகம் அடுக்கிய இடம் அல்ல. டிஜிட்டல் கையொப்பம் போடுவது, 'இவர் இன்னார்தான்' என்று உறுதி சொல்லும் டிஜிட்டல் சான்றிதழைச் சரிபார்ப்பது போன்ற வேலைகளை ஒரு தடவை ஒழுங்காக எழுதிவைத்து, மற்ற மென்பொருள்கள் எடுத்துப் பயன்படுத்தும்படி கொடுப்பது. பெரிய கணக்குப் புலிகள் எல்லாம் நீள்வட்ட வளைவுகள், பகா எண்கள் என்று அதில் வேலை செய்வார்கள். என் பங்கு சின்னது: நேரத்தை எழுதுவதும் படிப்பதும். நாலே நாலு கோப்பு. புதிதாகச் சேரும் பையன்கள், "அக்கா, தேதியை எழுத இவ்வளவு கோடு எதுக்கு?" என்பார்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்க மாட்டார்கள்.

முதலில் உங்கள் கட்டுரையில் ஒரு திருத்தம். 1970க்குத் திரும்பாது. 1970 ஜனவரி 1 பிறந்த கணத்திலிருந்து கழிந்த விநாடிகளை எண்ணி வைப்பது யூனிக்ஸ் வகைக் கணினிகளின் வழக்கம். அந்த எண்ணை 32 பிட்டில், அதாவது 32 பூஜ்யம்-ஒன்று இடங்களில், கழித்தல் குறிக்கும் இடம் விட்டு வைத்தால், 214,74,83,647 வரைதான் கொள்ளும். நம் ஊர் நேரப்படி 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடிக்கு அது நிரம்பும். அடுத்த விநாடி எண் கழித்தலாகப் புரண்டுவிடும். அது போய் நிற்கும் இடம் 1901 டிசம்பர் 13, கிரீன்விச் நேரம் இரவு 8.45.52.

இது எனக்கு ஏன் மனப்பாடம் என்றால், அந்தத் தேதியோடு ஒரு முழு மத்தியானம் மல்லுக்கட்டியிருக்கிறேன். ஒரு வாடிக்கையாளரின் பழைய கருவி, 2040 வரை செல்லக்கூடிய ஒரு மூலச் சான்றிதழைக் (மற்றச் சான்றிதழ்களுக்கு ஆதாரமானது) 'காலாவதி' என்று தள்ளிக்கொண்டே இருந்தது. வாடிக்கையாளர் அனுப்பிய பதிவேட்டில் காலாவதித் தேதி 1900களின் தொடக்கத்தில் இருந்தது. எண் புரண்டிருக்கிறது என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. குழப்பியது என்னவென்றால் நேரம். புரளும் இடத்தை என் கணினியில் வரவழைத்துப் பார்த்தபோது, 1901 டிசம்பர் 14, அதிகாலை 2.07.02 என்று காட்டியது. கிரீன்விச்சோடு ஐந்தரை மணி கூட்டினால் 2.15.52 அல்லவா வர வேண்டும்? கிட்டத்தட்ட ஒன்பது நிமிடம் எங்கே போயிற்று? எங்கள் கோப்பில்தான் பிழை என்று வரி வரியாகத் தேடினேன். பிழையே இல்லை. 1901இல் இந்திய நேரம் என்று ஒன்று கிடையாது. அது 1906 ஜனவரி 1 அன்றுதான் வந்தது. அதற்கு முன் ரயில்கள் ஓடியது மதராஸ் நேரத்தில், கிரீன்விச்சை விட 5 மணி 21 நிமிடம் சொச்சம் முன்னால். கணினிக்குள் இருக்கும் நேர மண்டலப் பட்டியல் அதை இன்னும் நினைவில் வைத்திருக்கிறது! எழும்பூர் ஸ்டேஷன் கட்டுவதற்கும் முந்தைய நேரம், சரவணம்பட்டியில் ஒரு மடிக்கணினியில் வந்து நிற்கிறது. அன்று வேலை ஓடவில்லை, ஆனால் சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன்.

ஆக, 2038 என்பது 2038இல் வரப்போவது அல்ல. இன்றைக்கு ஒரு சான்றிதழில் 2040 என்று எழுதியிருந்தால், அதைப் படிக்கும் பழைய கருவிக்கு இன்றைக்கே 2038 வந்தாயிற்று.

ஆனால் சான்றிதழ்களில் நேரம் இப்படி விநாடி எண்ணாக எழுதப்படுவதில்லை என்பதைத்தான் கட்டுரையாளர் விட்டுவிட்டார். மின்னஞ்சலைப் பூட்டவும் கையொப்பமிடவும் பயன்படும் ஓப்பன்பிஜிபி என்ற முறையில் அப்படித்தான். நாலு பைட் (ஒரு பைட் என்றால் எட்டு பிட்), கழித்தல் குறி கிடையாது, அதனால் 2106 பிப்ரவரி வரை தாங்கும். ஆனால் நாம் வங்கித் தளத்தைத் திறக்கும்போது பூட்டுக் குறி போடுகிறதே, அந்தச் சான்றிதழும், கம்பெனிக் கணக்குத் தாக்கல் செய்ய ஆடிட்டர் செருகும் யூஎஸ்பி டோக்கனில் உள்ள சான்றிதழும் எக்ஸ்.509 என்ற வகை. 1988இல் வந்த தரம். அதில் நேரம் எழுத்தாகவே எழுதப்படும். மொய் நோட்டில் எழுதுகிற மாதிரி, வருடம், மாதம், நாள், மணி, நிமிடம், விநாடி எல்லாம் ஒட்டி ஒரே சரமாக.

அதிலும் இரண்டு விதம். ஒன்று, வருடத்துக்கு இரண்டே இலக்கம். மற்றது நாலு இலக்கம். 2008 மே மாதம் வந்த ஆர்எஃப்சி 5280 என்ற இணைய விதி ஆவணத்தில் இரண்டுக்கும் எல்லை இருக்கிறது: 2049 முடிய இரண்டு இலக்கம்தான் எழுத வேண்டும், 2050 முதல் நாலு இலக்கம்தான். இரண்டு இலக்கத்தில் 50ம் அதற்கு மேலும் வந்தால் 1900களில் படிக்க வேண்டும், 50க்குக் கீழே என்றால் 2000களில். 2049ஆம் ஆண்டின் கடைசி விநாடி கோப்பில் எப்படி இருக்கும் தெரியுமா? 23, 13, பிறகு 52, 57, 49, 50, 51, 49, 50, 51, 53, 57, 53, 57, 90. முதல் எண் 'இது இரண்டு இலக்க வருடம்' என்ற அடையாளம். அடுத்தது நீளம், பதின்மூன்று பைட். பிறகு 491231235959 என்ற இலக்கங்கள், ஒவ்வொன்றும் ஒரு பைட்டாக. கடைசி 90 என்பது 'இசட்' என்ற ஆங்கில எழுத்து. ஒரே ஒரு விநாடி கழித்து, 24, 15 என்று தொடங்கும். வருடம் நாலு இலக்கமாகிவிடும். 2025இல் ஒருவர் இருபத்தைந்து வருடத்துக்கு மூலச் சான்றிதழ் உண்டாக்கினால் சரியாக இந்தக் கோட்டின் மேல் போய் நிற்கிறது. அங்கே லைப்ரரி பழக்கதோஷத்தில் 50 என்று இரண்டு இலக்கம் எழுதிவிட்டால், படிக்கிறவர் கண்ணுக்கு அது 1950இல் காலாவதியானது. பிறப்பதற்கு எழுபத்தைந்து வருடம் முன்பே செத்த சான்றிதழ். முடிவே இல்லாத சான்றிதழ் வேண்டுமென்றால் அதற்கும் விதி இருக்கிறது, 9999 டிசம்பர் 31 இரவு 11.59.59 என்று எழுத வேண்டும். அந்த வருடத்துச் சிக்கலை யார் பார்ப்பார்களோ, பார்க்கட்டும்.

இப்போது அந்தக் கடைசி 90க்கு வருகிறேன். நான் சொல்ல வந்ததே அதைத்தான்.

'இசட்' என்றால் 'இது கிரீன்விச் நேரம்' என்று பொருள். பழைய தரத்தில் அதற்குப் பதிலாக, நம் ஊர் நேரத்தையே எழுதி, பின்னால் கூட்டல் 0530 என்று போடவும் இடம் இருந்தது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. பிறகு ஏன் விலக்கினார்கள்? கையொப்பம் போடுவது நேரத்தின் மேல் அல்ல, அந்த நேரத்தை எழுதிய பைட்டுகளின் மேல். மாலை 6.29.59 கிரீன்விச் என்பதும் இரவு 11.59.59 கூட்டல் 0530 என்பதும் ஒரே கணம்தான். ஆனால் பைட்டுகள் வேறு. பைட் வேறு என்றால் கையொப்பம் பொருந்தாது. விநாடி பூஜ்யம் என்று அதை விட்டுவிட்டு எழுதினாலும் அதே கதி. ஆகவேதான் ஒரு நேரத்துக்கு ஒரே எழுத்து, விநாடி கட்டாயம், பின்னம் கூடாது, முடிவில் இசட். ஆவணங்களுக்கு நேரமுத்திரை தரும் 2001ஆம் வருட நெறிமுறையில் மட்டும் விநாடியின் பின்னம் அனுமதி உண்டு. அங்கும் கடைசியில் பூஜ்யம் வரக் கூடாது. அரை விநாடி என்றால் புள்ளி 5. புள்ளி 50 என்றால் தப்பு.

இதைக் கறாராகப் பார்க்காத லைப்ரரிக்கு என்ன ஆகும் என்பதற்கு வெளியே தெரிந்த உதாரணமே உண்டு. உலகமே நம்பியிருக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரியில், சான்றிதழ் நேரத்தை ஒப்பிடும் பகுதி சரத்தின் நீளத்தைச் சரியாகப் பார்க்காமல் விளிம்பு தாண்டிச் சில பைட்டுகளைப் படித்துவிடும் என்று கண்டுபிடித்து 2015 ஜூனில் திருத்தினார்கள். யாராவது வேண்டுமென்றே கோணலாக ஒரு தேதியை எழுதி அனுப்பினால், படிக்கிற மென்பொருள் விழுந்துவிடலாம். நாங்களும் யோக்கியம் இல்லை. எங்கள் லைப்ரரி ஒரு காலத்தில் விநாடி இல்லாத பழைய சான்றிதழைப் படித்து, 'நாமே ஒழுங்குபடுத்திக் கொடுப்போம்' என்று விநாடியைச் சேர்த்துத் திருப்பி எழுதியது. போட்ட கையொப்பம் எல்லாம் செல்லாமல் போயிற்று. உதவி செய்கிறேன் என்று பத்திரத்தில் எழுத்துப் பிழை திருத்தின கதை. வந்த பைட்டை வந்தபடியே வைத்திரு என்பதை அன்று கற்றுக்கொண்டேன்.

இனி அண்ணன்.

என் அண்ணன் விருதுநகர் பக்கம் சின்னக் கான்ட்ராக்டர். வடிகால், தடுப்புச் சுவர், குழாய்ப் பாலம் என்று கிடைக்கிற வேலை. ஆன்லைன் டெண்டர் வந்ததிலிருந்து அவரிடமும் ஒரு டோக்கன் உண்டு. 2024 மார்ச் 12, செவ்வாய்க்கிழமை. தேர்தல் தேதி எந்த நாளும் வரலாம், நடத்தை விதி வந்துவிட்டால் எல்லாம் நின்றுவிடும் என்று டெண்டர்கள் குவிந்த வாரம். அவர் கண் வைத்திருந்த ஒரு வேலைக்கு மறுநாள் மத்தியானம் மூன்று மணி கடைசி. டோக்கனில் உள்ள சான்றிதழ் அன்று நள்ளிரவோடு முடிகிறது என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் அன்று சாயங்காலமே உட்கார்ந்தார். ஈ.எம்.டி. எனும் முன்வைப்புத் தொகை கட்டியாயிற்று. விலைப்பட்டியல் ஏற்றியாயிற்று. ஏழு மணி ஐந்து நிமிடத்துக்குக் கையொப்பம் போடும் பொத்தானை அழுத்தினால், 'உங்கள் சான்றிதழ் காலாவதியாகிவிட்டது' என்று வந்தது.

எனக்கு போன் வந்தது. "ஏம்மா, நீ இந்த வேலைதானே பாக்குற? இன்னைக்குத் தேதி பன்னெண்டுதானே? ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் இருக்குன்னுதானே குடுத்தவன் சொன்னான்? மூணு வருஷத்துக்குக் காசு வாங்கிட்டு நாலஞ்சு மணி நேரத்த முழுங்கிட்டானா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா, ஆசிரியர் அவர்களே? "டோக்கனக் கழட்டி மாட்டிப் பாருண்ணே. சிஸ்டத்த ஒரு தடவ ரீஸ்டார்ட் பண்ணு." இத்தனை வருட அனுபவம்! அவர் மூன்று தடவை கழற்றி மாட்டினார். பிரௌசிங் சென்டர் பையனைக் கூப்பிட்டார். அவனும் கழற்றி மாட்டினான். மறுநாள் காலை எழுந்து புதுச் சான்றிதழுக்கு அலைந்தார். வீடியோவில் முகம் காட்டி, பேர் சொல்லி, எல்லாம் முடிந்து கைக்கு வந்தபோது மணி நாலு. மூன்று மணிக்கே டெண்டர் மூடிவிட்டது.

இரவு அவர் அனுப்பியிருந்த ஸ்கிரீன்ஷாட்டை அப்போதுதான் நிதானமாகப் பார்த்தேன். 'காலாவதி: 12-03-2024 18:29:59'. அவ்வளவுதான். எந்த ஊர் நேரம் என்று ஒரு எழுத்து இல்லை. பதினெட்டு இருபத்தொன்பதைப் பார்த்ததுமே எனக்கு வயிற்றைக் கலக்கியது. அதோடு ஐந்தரை மணியைக் கூட்டுங்கள். 23:59:59. நள்ளிரவுதான். கொடுத்தவர் சரியாகத்தான் கொடுத்திருக்கிறார். சான்றிதழுக்குள் 240312182959, கடைசியில் இசட், எல்லாம் விதிப்படி. அதைப் படித்த லைப்ரரி, இலக்கங்களை மட்டும் எடுத்துக்கொண்டு இசட்டைக் கீழே போட்டுவிட்டது. அதை வாங்கிய கையொப்ப மென்பொருள், சுவர்க் கடிகாரத்தோடு ஒப்பிட்டுவிட்டது. சுவர்க் கடிகாரத்தில் ஏழு ஐந்து. சான்றிதழில் ஆறு இருபத்தொன்பது. முடிந்தது.

மண்டலம் எழுதாத நேரத்துக்கு எங்கள் குழுவில் 'மொட்டை நேரம்' என்று பெயர். மொட்டைக் கடிதம் மாதிரிதான். விஷயம் இருக்கும், எங்கிருந்து வந்தது என்று இருக்காது. மொட்டைக் கடிதத்தை நீங்கள் பிரசுரிப்பதில்லை. ஆனால் மென்பொருள் உலகத்தில் அதை வாங்கி, தன் ஊர்க் கடிதம் என்றே நினைத்துப் படிக்கிறவர்கள் ஏராளம்.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது சோதித்தும் பார்த்துவிட்டேன். அண்ணன் பழைய டோக்கனைத் தூக்கிப் போடவில்லை, அவர் எதையும் தூக்கிப் போட மாட்டார். கணினியின் கடிகாரத்தை மார்ச் 12 மாலை 7.05க்குத் திருப்பி வைத்தேன். 'காலாவதி' என்றது. அதே கணத்தில் நேர மண்டலத்தை மட்டும் லண்டனுக்கு மாற்றினேன். கடிகாரம் மத்தியானம் 1.35 என்றது, சான்றிதழ் உயிரோடு எழுந்து உட்கார்ந்தது. அண்ணன் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்வளவுதானா?" என்றார். இவ்வளவுதான். முந்தின மாதம் அந்தச் சாயங்காலம் எனக்கு உறைத்திருந்தால், போனிலேயே ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பேன்.

இந்தப் பிழை ஏன் இத்தனை வருடம் யார் கண்ணிலும் படவில்லை என்று யோசித்தேன். லண்டனில் குளிர்காலத்தில் சோதித்தால் இது தெரியவே தெரியாது, இரண்டு கடிகாரமும் ஒன்று. நியூயார்க்கில் சோதித்தால் முதல் நாளே மாட்டும். அங்கே சுவர்க் கடிகாரம் கிரீன்விச்சுக்குப் பின்னால் ஓடுவதால், இப்போது வாங்கிய சான்றிதழ் 'இன்னும் தொடங்கவில்லை' என்று பல மணி நேரம் அடம்பிடிக்கும். எந்தக் கத்துக்குட்டிக்கும் அது தெரிந்துவிடும். நாம் கிரீன்விச்சுக்கு முன்னால் இருக்கிறோம். ஆகவே தொடக்கத்தில் ஒரு தொந்தரவும் இல்லை. பிழை வெளிப்படுவது கடைசி ஐந்தரை மணி நேரத்தில் மட்டும், அதுவும் இரண்டு மூன்று வருடம் கழித்து. அதற்குள் சோதித்தவர் வேறு கம்பெனிக்குப் போயிருப்பார். கடைசி நாள் சாயங்காலம் கையொப்பம் போட உட்காருகிறவர் யார்? புதுப்பிக்கும் செலவைக் கடைசி மணி வரை தள்ளிப்போடுகிற என் அண்ணன் மாதிரி ஆட்கள்தான்.

அந்தத் தளத்தின் உதவி மையத்துக்கு நான் எழுதிய இரண்டு பக்க விளக்கத்துக்கு ஒரு வரியில் பதில் வந்தது: தங்கள் டிஜிட்டல் சான்றிதழைப் புதுப்பித்துக்கொள்ளவும். தளத்தின் பெயரை எழுதப்போவதில்லை. அவர்களைத் திட்டுவதற்கு எனக்கு முழு உரிமையும் இல்லை, ஏனென்றால் அதே தப்பைத் தலைகீழாக நானே செய்திருக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம். சான்றிதழ் உண்டாக்கும் பகுதியில், உள்ளூர் நேரத்தை அப்படியே இலக்கமாக எழுதி, விதி கேட்கிறதே என்று பின்னால் ஒரு இசட்டை ஒட்டிவிட்டேன். மொட்டை நேரத்துக்கு விக் வைத்த மாதிரி. காலை 10.40க்குச் சோதனைச் சர்வருக்குச் சான்றிதழ் போட்டோம். 'இன்னும் தொடங்கவில்லை' என்றது. கேபிளைப் பார்த்தார்கள், ஃபயர்வாலைப் பார்த்தார்கள், மேலாளர் வந்து தலைக்கு மேல் நின்றார். மாலை 4.10க்கு, யாரும் ஒன்றும் செய்யாமலே, தானாகச் சரியாகிவிட்டது. நெட்வொர்க் பிரச்சினை என்று அறிக்கை எழுதிக் கோப்பை மூடினார்கள். 10.40க்கும் 4.10க்கும் நடுவில் எவ்வளவு என்று ராத்திரி பாத்திரம் தேய்க்கும்போதுதான் எனக்குக் கணக்கு வந்தது. மறுநாள் போய்ச் சொன்னேன். அன்றிலிருந்துதான் அந்த நாலு கோப்பும் என் தலையில் கட்டப்பட்டன.

லைப்ரரிக்காரர்கள் மெல்ல மெல்லத் திருந்திக்கொண்டுதான் வருகிறார்கள். பைத்தான் என்ற கணினி மொழியில் பரவலாகப் புழங்கும் கிரிப்டோகிராஃபி என்ற லைப்ரரி பல வருடமாகச் சான்றிதழின் தொடக்கத்தையும் முடிவையும் மொட்டை நேரமாகவே கொடுத்துக்கொண்டிருந்தது. 2024 ஜனவரியில் வந்த 42ஆம் பதிப்பில், பெயரிலேயே யூடிசி (கிரீன்விச் நேரத்தின் இன்றைய பெயர்) என்று வால் வைத்த புது வழியைக் கொடுத்து, பழையதைத் தொட்டால் எச்சரிக்கை வரும்படி செய்தார்கள். பைத்தான் மொழியே அதற்குச் சில மாதம் முன்பு, மொட்டையாகக் கிரீன்விச் நேரம் தரும் தன் பழைய கட்டளையைக் கைவிடச் சொல்லிவிட்டது. எங்கள் லைப்ரரியில் இப்போது மண்டலம் இல்லாத நேரத்தைக் கொடுத்தால் வாங்கவே வாங்காது. எச்சரிக்கை எல்லாம் இல்லை, நேரே மறுப்புதான். வாடிக்கையாளர்கள் சிலர் கோபித்துக்கொண்டார்கள். கோபிக்கட்டும்.

விநாடிக் கணக்கிலும் ஏமாற இடம் இருக்கிறது என்பதற்கு இன்னொன்று. சான்றிதழில் தொடக்க விநாடியும் முடிவு விநாடியும் இரண்டுமே செல்லும் காலத்தில் சேர்த்தி. இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் 90 நாள் என்று அறிவித்துவிட்டு, 90 நாளும் ஒரு விநாடியும் கொடுத்துக்கொண்டிருந்தது 2021இல் தெரியவந்தது. அதாவது 77,76,000 விநாடிக்குப் பதில் 77,76,001. வேலியில் கம்பம் எண்ணுகிற பழைய கணக்குதான். அவர்களே அதை வெளிப்படையாக எழுதி ஒப்புக்கொண்டார்கள். எனக்கு அவர்கள் மேல் மரியாதை கூடியது.

2016 டிசம்பர் 31 முடிவில் உலகக் கடிகாரத்தில் ஒரு விநாடி கூட்டினார்களே, 60 என்று எண்ணிடும் அந்தக் கூடுதல் விநாடியைச் சான்றிதழில் எழுதலாமா என்று எங்கள் குழுவில் இரண்டு நாள் சண்டை நடந்தது. நம் ஊரில் அது புத்தாண்டுக் காலை 5.30க்குச் சற்று முன். கோயிலுக்குக் கிளம்பும் நேரம். சண்டையை இங்கே விவரிக்கவில்லை, ஜெயித்தது நான் இல்லை.

இப்போது இதை எழுத இன்னொரு காரணம், வலைத்தளச் சான்றிதழ்களின் ஆயுள் குறைந்துகொண்டே வருகிறது. 2025 ஏப்ரலில் சான்றிதழ் நிறுவனங்களும் உலாவி நிறுவனங்களும் சேர்ந்த மன்றம் எடுத்த முடிவுப்படி, 2026 மார்ச் 15 முதல் அதிகபட்சம் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100, 2029 மார்ச் 15 முதல் 47 நாள். அண்ணன் வைத்திருக்கும் கையொப்பச் சான்றிதழுக்கு இது பொருந்தாது. ஆனால் இதே லைப்ரரிகளைத்தான் அந்தத் தளங்களும் பயன்படுத்துகின்றன. அண்ணனுக்கு மூன்று வருடத்துக்கு ஒரு முறை ஒளிந்து வந்த அந்த ஐந்தரை மணி, வலைத்தளங்களுக்கு 2029 முதல் ஒன்றரை மாதத்துக்கு ஒரு முறை வரும்.

அதனால் உங்களிடம் கேட்பது இரண்டு. 1970 என்பதை 1901 என்று திருத்தம் போடுங்கள். உங்கள் தளத்தில் செய்திகளுக்குக் கீழே பதிந்த நேரம் போடுகிறீர்களே, அதிலும் எந்த ஊர் நேரம் என்று இல்லை. துபாயிலும் டொராண்டோவிலும் உங்களைப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். 'இந்திய நேரம்' என்று இரண்டு சொல் சேர்த்தால் போதும். டெண்டர் தளம் நடத்துகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், காலாவதிக்குப் பக்கத்தில் அதே இரண்டு சொல்லை அவர்களும் சேர்க்கட்டும். அதற்கு முன்னால், அவர்களுடைய லைப்ரரி இசட்டை எங்கே கீழே போடுகிறது என்று தேடட்டும்.

மாமியாரிடம், ஆபீஸ் இருக்கும் என்று சொல்லிவிட்டேன். அண்ணனிடம் நடந்ததை வரைபடம் போட்டு விளக்கினேன். கேட்டுக்கொண்டார், ஆனால் நம்பவில்லை. புது டோக்கனின் முதுகில் பிளாஸ்திரி ஒட்டி, மூன்று வருடம் கழித்து வரும் தேதியை பால்பாயின்ட் பேனாவால் எழுதியிருக்கிறார். தேதிக்குக் கீழே, 'சாயங்காலம் 6.29, அதுக்குள்ள'.

பெயரும் முகவரியும் தனித்தாளில் இணைத்திருக்கிறேன். அண்ணன் இன்னும் அதே தளத்தில்தான் டெண்டர் போடுகிறார், ஆகவே அச்சில் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
சரவணம்பட்டி, கோயம்புத்தூர்